கணிப்பொறி செய்த பிழைக்கு யார் பொறுப்பு?



மாடியின் கைப்பிடிச் சுவர்மீது இருந்த பூந்தொட்டி ஒன்று காற்றில் சரிந்து, கீழே நடந்து சென்றவரின் தலைமீது விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தொட்டி எந்த வேகத்தில் வந்தது, எவ்வளவு ஆற்றலுடன் மோதியது என்று கேட்டால் நீங்கள் ஒரு நிமிடத்தில் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவீர்கள். ஆனால் “தொட்டியை அந்த இடத்தில் வைத்தது சரியா?” என்று கேட்டால் உங்கள் இயற்பியல் புத்தகத்தில் அதற்குச் சூத்திரம் கிடையாது. முதல் கேள்வி, என்ன நடக்கும் என்பதைப் பற்றியது. இரண்டாவது கேள்வி, என்ன செய்திருக்க வேண்டும் என்பதைப் பற்றியது. இந்த இரண்டாம் வகைக் கேள்விகளை ஆராயும் துறைக்கு அறவியல் என்று பெயர்.

தொட்டியை நாம் குற்றம் சொல்வதில்லை. வைத்தவரைத் தேடுகிறோம். ஆனால் ஒரு கணிப்பொறி தவறான விடை தந்தால் மட்டும் “கம்ப்யூட்டர் தப்புப் பண்ணிவிட்டது” என்று சொல்லிவிட்டு அத்துடன் நிறுத்திக்கொள்கிறோம். பூந்தொட்டியைப் போலவே கணிப்பொறிக்கும் நல்லது கெட்டது தெரியாது. அதற்குள் வைக்கப்பட்ட ஆணைகளை எழுதியவர்கள், சோதித்தவர்கள், விற்றவர்கள், வாங்கியவர்கள் எல்லாரும் மனிதர்களே. அப்படியானால் பொறுப்பு எங்கே இருக்கிறது? இதை ஓர் உண்மை நிகழ்ச்சியைக் கொண்டு ஆராய்வோம்.

தெராக்–25 என்னும் இயந்திரம்

புற்றுநோய்க் கட்டிகளை அழிக்க உயர் ஆற்றல் கதிர்களைப் பயன்படுத்துகிறார்கள் என்பது நீங்கள் அறிந்ததே. கனடாவின் அரசு நிறுவனமான ‘அட்டாமிக் எனர்ஜி ஆஃப் கனடா’ இதற்காகத் தெராக்–25 என்ற நேர்கோட்டு முடுக்கியைத் தயாரித்தது. கணிப்பொறியால் முழுதும் இயக்கப்படும் வடிவில் அது 1982ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் ஐந்தும் கனடாவில் ஆறுமாக மொத்தம் 11 இயந்திரங்கள் நிறுவப்பட்டன. எலக்ட்ரான்களை 25 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வரை முடுக்கக் கூடியது என்பதால்தான் பெயரில் 25 என்ற எண்.

இந்த இயந்திரம் இரண்டு விதமாக வேலை செய்யும். தோலுக்குச் சற்றுக் கீழே உள்ள கட்டிகளுக்கு எலக்ட்ரான் கற்றையே போதும். மெல்லிய கற்றையைக் காந்தங்களால் அகலப் பரப்பி நோயாளிமீது செலுத்துவார்கள். ஆழத்தில் உள்ள கட்டிகளுக்கு எக்ஸ் கதிர்கள் வேண்டும். அதற்கு எலக்ட்ரான் கற்றையை ஓர் உலோக இலக்கின்மீது மோதச் செய்து, வெளிப்படும் எக்ஸ் கதிர்களை ஒரு கூம்பு வடிவ வடிகட்டியால் சீராக்குவார்கள். வழியில் பெரும்பகுதி இழப்பாகிவிடுவதால், எக்ஸ் கதிர் முறையில் எலக்ட்ரான் கற்றையின் மின்னோட்டம் மற்ற முறையைவிடச் சுமார் 100 மடங்கு அதிகமாக இருக்க வேண்டும்.

இங்கேதான் அபாயம் இருக்கிறது. பரப்பும் காந்தங்கள், இலக்கு, வடிகட்டி ஆகிய யாவும் ஒரு சுழல்தட்டின்மீது பொருத்தப்பட்டிருந்தன. முறைக்கு ஏற்பத் தட்டு சுழன்று உரிய பாகத்தைக் கற்றையின் வழியில் நிறுத்தும். தட்டு எலக்ட்ரான் முறைக்கு உரிய இடத்தில் இருக்கையில், கற்றை மட்டும் எக்ஸ் கதிர் முறைக்கு உரிய நூறு மடங்கு வலிமையுடன் வந்துவிட்டால் என்ன ஆகும்? இடையில் தடுப்பதற்கு ஒன்றுமே இல்லை.

இதற்கு முந்தைய தெராக்–20 என்ற இயந்திரத்தில், தட்டு சரியான இடத்தில் இல்லையானால் கற்றையைத் துண்டிக்கும் தனி மின்சுற்றுகள் இருந்தன. புதிய இயந்திரத்தில் அத்தகைய சுற்றுகள் பலவற்றை நீக்கிவிட்டு, சரிபார்க்கும் வேலையைப் புரோகிராமிடம், அதாவது கணிப்பொறிக்குரிய ஆணைத் தொடரிடம், ஒப்படைத்தார்கள். அந்தப் புரோகிராமைப் பல ஆண்டுகளில் எழுதியவர் ஒரே ஒருவர்.

எட்டு நொடிகள்

1986ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரம். அங்குள்ள புற்றுநோய் மருத்துவ நிலையத்தில் இரண்டாண்டுகளில் 500 நோயாளிகளுக்கு மேல் இதே இயந்திரத்தால் சிகிச்சை பெற்றிருந்தனர். அன்று ஒருவருக்கு எலக்ட்ரான் முறையில் 180 ராட் அளவு கதிர் தர வேண்டியிருந்தது. இயந்திரத்தை இயக்குபவர் அடுத்த அறையிலிருந்து விவரங்களைத் தட்டினார். பழக்கத்தினால் எலக்ட்ரானுக்கு உரிய ‘ஈ’ என்ற எழுத்துக்குப் பதிலாக எக்ஸ் கதிருக்கு உரிய ‘எக்ஸ்’ என்ற எழுத்தைத் தட்டிவிட்டார். உடனே தவற்றை உணர்ந்து, அம்புக்குறிப் பொத்தானால் மேலே சென்று எழுத்தைத் திருத்தினார். திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது.

ஆனால் உள்ளே நடந்தது வேறு. முதல் எழுத்தைப் பெற்றதுமே புரோகிராம் காந்தங்களை அமைக்கத் தொடங்கிவிட்டது. அதற்குச் சுமார் 8 நொடிகள் ஆகும். அந்த எட்டு நொடிகளுக்குள் ஒருவர் திருத்தம் செய்து முடித்துவிட்டால், புரோகிராமின் அந்தப் பகுதி திருத்தத்தைக் கவனிக்கவில்லை. சுழல்தட்டை நகர்த்திய பகுதியோ புதிய எழுத்தைப் படித்துக்கொண்டது. தட்டு எலக்ட்ரானுக்கு, கற்றை எக்ஸ் கதிருக்கு! இயக்குபவர் வேலையில் தேர்ந்தவர், விரைவாகத் தட்டக் கூடியவர். அந்தத் திறமையே பிழையை வெளிக்கொணர்ந்தது.

இயந்திரம் நின்று, ‘மால்ஃபங்ஷன் 54’ என்று திரையில் காட்டியது. கொடுக்க வேண்டியதில் மிகச் சிறு பகுதியே சென்றதாகவும் காட்டியது. இப்படிப் பொருள் விளங்காத செய்திகள் அடிக்கடி வருவதும், ‘பி’ என்ற பொத்தானை அழுத்தித் தொடர்வதும் வழக்கமாகிவிட்டிருந்தன. இயக்குபவர் அதையே செய்தார். அன்று நோயாளியைக் காட்டும் தொலைக்காட்சி இணைக்கப்பட்டிருக்கவில்லை. ஒலிபெருக்கியும் பழுது. உள்ளே தீப்பட்டது போன்ற அதிர்ச்சியுடன் எழ முயன்றவர்மீது இரண்டாம் முறையும் கதிர் பாய்ந்தது. ஒரு சிறு பரப்பில் அவர் பெற்றது 16,500 முதல் 25,000 ராட் வரை இருக்கலாம் எனப் பின்னர் மதிப்பிட்டார்கள். கொடுக்க வேண்டிய 180ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 90 முதல் 140 மடங்கு! ஐந்து மாதங்களில் அவர் இறந்தார்.

நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்து சோதித்தார்கள். அவர்களால் அந்தப் பிழையை மீண்டும் உண்டாக்க முடியவில்லை. அளவுக்கு மீறிய கதிர் வருவது இயலாது என்றும், மின் அதிர்ச்சியாக இருக்கலாம் என்றும் சொன்னார்கள். மின் கசிவு ஏதும் இல்லை என்று தெரிந்ததும், ஏப்ரல் 7ஆம் நாள் இயந்திரம் மீண்டும் பணிக்கு வந்தது. ஏப்ரல் 11ஆம் நாள் அதே ‘54’ மீண்டும் தோன்றியது. இன்னொரு நோயாளி மூன்று வாரங்களுக்குள் உயிரிழந்தார்.

இம்முறை அந்நிலையத்தின் இயற்பியலாளர் இயந்திரத்தை உடனே நிறுத்திவிட்டு, இயக்குபவருடன் அமர்ந்து, அன்று தட்டியதைப் போலவே மீண்டும் மீண்டும் தட்டச் செய்தார். வேகமாகத் தட்டித் திருத்தினால்தான் பிழை தோன்றுகிறது என்பதை அவர்கள் கண்டுபிடித்தார்கள். பிறகு தெராக்–20இன் புரோகிராமிலும் இதே பிழை இருந்தது தெரியவந்தது. சிகாகோவில் புதிய மாணவர்கள் அந்தப் பழைய இயந்திரத்தில் பழகத் தொடங்கும் நாட்களில் பியூஸ் அடிக்கடி எரிந்துபோகும். அதன் காரணம் இதுதான். பிழை ஒன்றே. ஓரிடத்தில் பியூஸ் போயிற்று. மற்றோரிடத்தில் உயிர் போயிற்று.

255உடன் ஒன்றைக் கூட்டினால்?

1987 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா நகரில் நடந்த விபத்துக்கு வேறொரு பிழை காரணம். இது கணித ஆர்வம் உள்ளவர்களுக்கு ஏற்றது.

புரோகிராமில் ஓர் எண்ணைச் சேமிக்கும் இடம் இருந்தது. அதில் சுழியம் இருந்தால் “தட்டைச் சரிபார்க்க வேண்டாம்” என்று பொருள். சுழியம் அல்லாத எந்த எண் இருந்தாலும் “சரிபார்” என்று பொருள். சரிபார்க்கச் சொல்வதற்காகப் புரோகிராம் ஒவ்வொரு சுற்றிலும் அந்த எண்ணுடன் 1ஐக் கூட்டியது. ஆனால் அந்த இடத்தின் அகலம் 8 பிட்கள் மட்டுமே. எட்டு இரும இலக்கங்களால் எழுதக் கூடிய மிகப் பெரிய எண் 255. அதனுடன் 1ஐக் கூட்டினால் ஒன்பதாம் இலக்கத்துக்கு இடம் இன்றி எட்டும் சுழியமாகிவிடும். நான்கு இலக்கம் காட்டும் மீட்டரில் 9999க்குப் பின் 0000 வருவது போலத்தான். எனவே 256 சுற்றுகளுக்கு ஒருமுறை “சரிபார்க்க வேண்டாம்” என்ற செய்தி தானாக வந்தது. அந்தக் கணத்தில் பொத்தான் அழுத்தப்பட்டால், தட்டு எங்கே இருந்தாலும் கற்றை பாயும். 1ஐக் கூட்டுவதற்குப் பதிலாக 1 என்றே எழுதியிருந்தால் இந்தப் பிழையே நேர்ந்திராது.

1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை ஆறு பேர் இவ்வாறு பாதிக்கப்பட்டனர். அவர்களில் மூவரேனும் அதன் விளைவாகவே இறந்தனர். நான்சி லெவெசன், கிளார்க் டர்னர் ஆகியோர் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட விரிவான ஆய்வினால்தான் இந்த விவரங்கள் உலகுக்கு முழுமையாகத் தெரியவந்தன.

மூன்று அளவுகோல்கள்

இனி நம் கேள்விக்கு வருவோம். முதல் டைலர் விபத்துக்குப் பின், காரணம் தெரியாத நிலையில், இயந்திரத்தை மீண்டும் இயக்கியது சரியா? அவசரப்பட்டு விடை சொல்லாதீர்கள். காத்திருந்தவர்களும் புற்றுநோயாளிகளே. சிகிச்சை தள்ளிப்போனால் அவர்களுக்கும் ஆபத்து உண்டு.

இத்தகைய கேள்விகளை ஆராய அறிஞர்கள் மூன்று முக்கியக் கொள்கைகளை வகுத்திருக்கிறார்கள்.

முதலாவது, பயன் கொள்கை. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெரமி பெந்தாமும் (1748–1832) ஜான் ஸ்டூவர்ட் மில்லும் (1806–1873) இதை வளர்த்தனர். ஒரு செயலால் விளையும் நன்மை தீமைகளைக் கூட்டிக் கழித்துப் பார். எல்லாருக்குமாகச் சேர்த்து எதில் நன்மை மிகுமோ அதைச் செய் என்பது இதன் சாரம். அறிவியல் மாணவர்களுக்கு இது பிடிக்கும். கணக்குப் போல இருக்கிறது அல்லவா?

கணக்கையே போட்டுப் பார்ப்போம். 1983இல் நிறுவனம் செய்த பாதுகாப்பு ஆய்வில், கணிப்பொறி தவறான ஆற்றலைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 10இன் அடுக்கு −11 என்று குறிக்கப்பட்டிருந்தது. அதாவது பத்தாயிரம் கோடியில் ஒன்று! இந்த எண்ணை நம்பினால் பயன் கொள்கை “தாராளமாக இயக்கு” என்றுதான் சொல்லும். ஆனால் இந்த எண் எப்படிக் கிடைத்தது என்பதற்கு அந்த ஆய்வில் விளக்கம் இல்லை. டைலரில் நடந்ததை மட்டும் பார்த்தால் ஏறத்தாழ ஐந்நூற்றில் ஒருவர். இந்த எண்ணை வைத்தால் அதே பயன் கொள்கை “நிறுத்து” என்று சொல்லும். கூட்டலில் தவறில்லை, கூட்டுவதற்குக் கொடுத்த எண்ணில்தான் தவறு. இயற்பியல் சோதனையில் அளவீடு பொய்யானால் சூத்திரம் உங்களைக் காப்பாற்றாது. இங்கும் அப்படித்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1985 ஜூலையில் கனடாவின் ஹாமில்டன் நகரில் ஒரு விபத்து நிகழ்ந்தது. காரணம் உறுதியாகத் தெரியாமலேயே ஒரு சிறு சுவிட்சைச் சந்தேகித்து மாற்றங்கள் செய்த நிறுவனம், பாதுகாப்பு முன்னைவிட ஒரு லட்சம் மடங்காவது கூடிவிட்டது என்று அறிவித்தது. காரணமே தெரியாத ஒன்றை எத்தனை மடங்கு குறைத்தோம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இரண்டாவது, கடமைக் கொள்கை. இதன் ஆசிரியர் ஜெர்மானிய அறிஞர் இம்மானுவேல் கான்ட் (1724–1804). விளைவை மட்டும் பார்த்துச் செயலை எடை போடக் கூடாது என்றார் அவர். இரண்டு சோதனைகளைத் தந்தார். நீ செய்வதை எல்லாரும் பொது விதியாகக் கொண்டு செய்யலாம் என்று உன்னால் விரும்ப முடியுமா என்பது ஒன்று. மனிதரை வெறும் கருவியாக நடத்தாமல், தாமே முடிவெடுக்கும் தகுதியுள்ளவராக மதித்தாயா என்பது மற்றொன்று.

டைலர் நிலையத்தார் விசாரித்தபோது, இந்த இயந்திரத்தால் அளவு மீறிய கதிர் பாய்ந்த நிகழ்ச்சி எதையும் தாம் அறியவில்லை என்று நிறுவனத் தரப்பில் சொல்லப்பட்டதாக லெவெசன்–டர்னர் ஆய்வு கூறுகிறது. ஹாமில்டன் விபத்து நடந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. தெரிந்தே மறைத்தார்களா, ஒரு பிரிவுக்குத் தெரிந்தது மற்றொரு பிரிவை எட்டவில்லையா என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. ஆனால் கான்ட்டின் சோதனையில் இரண்டுமே தேறா. எல்லா உற்பத்தியாளர்களும் விசாரித்து அறியாமலேயே “ஒன்றும் நடக்கவில்லை” என்று சொல்வது வழக்கமானால், அந்தச் சொல்லை எவரும் நம்ப மாட்டார்கள். நம்பிக்கை உள்ளவரைதான் அச்சொல்லுக்குப் பயன். மேசைமீது படுத்த நோயாளியோ, தான் ஏற்பது எத்தகைய ஆபத்து என்பதை அறியாமலே ஏற்றுக்கொண்டார். அவருக்குரிய முடிவை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது, பண்புக் கொள்கை. இது பழைமையானது; கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) வகுத்தது. “எந்தச் செயல் சரி?” என்று கேட்பதற்கு முன் “நல்ல மனிதர் எப்படிப்பட்டவர்?” என்று இது கேட்கிறது. நற்பண்பு பழக்கத்தால் வருவது. மிகைக்கும் குறைக்கும் நடுவில் நிற்பது. அளவற்ற தன்னம்பிக்கை ஒரு குற்றம். எதையும் செய்யத் துணியாத அச்சமும் குற்றம்.

“இது இயலாது” என்று சொன்ன பொறியாளர்களையும், “எப்படி நடந்தது என்று பார்த்துவிடுவோம்” என்று அமர்ந்த இயற்பியலாளரையும் இந்தக் கண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருதரப்பினருக்கும் ஒரே இயந்திரம், ஒரே புரோகிராம், ஒரே விபத்து. அறிவில் பெரிய வேறுபாடு இருந்திருக்காது. தம் அறிவுக்கு எல்லை உண்டு என்று ஒப்புக்கொள்ளும் பண்பில்தான் வேறுபாடு. அந்தப் பண்பு ஒரு நாளில் வருவதன்று. சோதனைச்சாலையில் ஊசலின் அலைவுக் காலம் எதிர்பார்த்தபடி வராதபோது, விடைக்கு ஏற்ப அளவீட்டைத் திருத்தி எழுதுகிறோமா, அல்லது மறுபடி அளக்கிறோமா என்பதில் அது தொடங்குகிறது.

மூன்றும் ஒரே விடையைத் தருமா?

ஒரு கம்பியின் விட்டத்தைத் திருகு அளவியால் அளக்கலாம். நிறையையும் நீளத்தையும் அடர்த்தியையும் கொண்டு கணக்கிட்டும் பெறலாம். இரண்டு விடைகளும் ஒத்திருந்தால் நம் நம்பிக்கை கூடுகிறது. ஒவ்வாவிட்டால் எங்கோ கவனிக்கப்படாத ஒன்று இருக்கிறது. அறக்கொள்கைகளையும் இப்படியே பயன்படுத்தலாம்.

விபத்துச் செய்தியை எல்லா மருத்துவமனைகளுக்கும் உடனே அறிவித்திருக்க வேண்டும் என்பதில் மூன்றும் ஒன்றுபடுகின்றன. பயன் கணக்குக்கு மெய்யான எண் வேண்டும். கடமைக்கு மறைக்காத சொல் வேண்டும். பண்புக்கு நேர்மை வேண்டும்.

ஆனால் எல்லாவற்றிலும் ஒன்றுபடுவதில்லை. 1986 ஏப்ரலில் நிறுவனம் ஒரு தற்காலிக வழி சொன்னது: அம்புக்குறிப் பொத்தானின் மூடியைக் கழற்றிவிட்டு, திருத்த முடியாதபடி அதன் தொடுமுனைகளை மின் நாடாவால் மூடிவிடுங்கள்! அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப் போதாதென்று கருதி, மே மாதத்தில் இயந்திரம் குறைபாடு உடையது என்று அறிவித்தது. இப்போது எண்ணிப் பாருங்கள். வேறு இயந்திரம் இல்லாத ஊரில், எல்லா உண்மையையும் கேட்டறிந்த ஒரு நோயாளி “எனக்குச் சம்மதம்” என்கிறார். அவருடைய முடிவை மதிக்க வேண்டும் என்று கடமைக் கொள்கை வாதிடலாம். இன்னொரு விபத்து நேர்ந்தால் பல ஊர்களில் பலர் சிகிச்சைக்கே அஞ்சுவார்கள் என்று பயன் கொள்கை தடுக்கலாம். இங்கே சூத்திரம் தீர்ப்புச் சொல்லாது. எதற்கு எவ்வளவு எடை என்று நாம்தான் காரணம் கூறி முடிவு செய்ய வேண்டும்.

பொறுப்பு யாருடையது?

புரோகிராம் எழுதியவர் எட்டு நொடியைக் கவனிக்கவில்லை. நிறுவனம் தனிச் சுற்றுகளை நீக்கியது. புரோகிராமில் பிழை இருக்காது என்று எண்ணியது. மருத்துவ நிலையம் பழுதான ஒலிபெருக்கியுடன் வேலை செய்தது. இயக்குபவர் பொருள் புரியாத செய்தியைத் தாண்டிச் சென்றார். ஆனால் அப்பொருளை அவருக்கு யாருமே கற்றுத் தரவில்லை. இப்படிப் பொறுப்பு பல கைகளில் பிரியும்போது, ஒவ்வொருவரும் தம் பங்கு சிறிதுதான் என்று எண்ணிவிடுகிறார்கள். பொறுப்பு நிறையைப் போன்றதன்று. பத்துப் பேர் தூக்கினால் ஒவ்வொருவருக்கும் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கிட முடியாது. தடுக்கும் வாய்ப்பும் அறிவும் யாரிடம் மிகுதியாக இருந்தனவோ, அவரிடம் பொறுப்பும் மிகுதி.

1987 பிப்ரவரியில் இந்த இயந்திரங்களை வழக்கமான சிகிச்சைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அதிகாரிகள் பரிந்துரைத்தனர். பிறகு, கணிப்பொறியைச் சாராத பாதுகாப்புச் சுற்றுகள் உட்படப் பல மாற்றங்கள் செய்யப்பட்டன. மருத்துவக் கருவிகளின் புரோகிராம்களை எப்படி எழுத வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதற்குப் பன்னாட்டுத் தரவிதி ஒன்று 2006இல் வெளியாயிற்று.

இன்று பள்ளியிலேயே நீங்கள் புரோகிராம் எழுதக் கற்கிறீர்கள். நாளை உங்களில் ஒருவர் எழுதும் நான்கு வரிகள் ஒரு மருத்துவமனையிலோ ரயில் நிலையத்திலோ வங்கியிலோ ஓடக்கூடும். அதைப் பயன்படுத்துவோர் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். நீங்களும் அவர்களைப் பார்க்க மாட்டீர்கள். “இந்த எண்ணிக்கை 255ஐத் தாண்டினால் என்ன ஆகும்?” என்று அந்த வேளையில் நீங்கள் கேட்டுப் பார்க்கும் ஒரு கேள்வி, அவர்களுக்காக நீங்கள் செய்யும் காரியமாகும்.

சிந்தித்துப் பாருங்கள்

1. எண்ணிக்கை இடத்தின் அகலம் 16 பிட்களாக இருந்திருந்தால் எத்தனை சுற்றுகளுக்கு ஒருமுறை சுழியம் வரும்? அப்போது இயந்திரம் பாதுகாப்பானதாகிவிடுமா, அல்லது பிழை மேலும் மறைந்துகொள்ளுமா?

2. நீங்கள் எழுதிய புரோகிராமில் ஒரு பிழை இருப்பதாகச் சந்தேகம், உறுதி இல்லை. நாளை அதை ஒப்படைக்க வேண்டும். மூன்று கொள்கைகளும் என்ன சொல்லும் என்று தனித்தனியே எழுதுங்கள்.

3. ‘பி’ பொத்தானை அழுத்திய இயக்குபவரைக் குற்றம் சொல்லலாமா? வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து வாதிடுங்கள். வாதம் முடிந்ததும் அணி மாறி மீண்டும் வாதிடுங்கள்.